நெளிகோட்டுக் கல் பிறந்த கதை

கிருஷ்ணகிரி வட்டாரக் குவாரிகளிலிருந்து 'பாரடைசோ' என்ற பெயரில் ஒரு கல் உலகமெங்கும் போகிறது. சாம்பல், ஊதா, வெளிர்சிவப்பு என்று வரிவரியாக நிறங்கள்; அந்த வரிகள் மடிந்து, சுழித்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கும். சமையல் மேடைக்கு அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த நெளிவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வியாபாரத்தில் அது கிரானைட். புவியியலாளர்களுக்கு மிக்மடைட், அதாவது பாதி உருகி மறுபடி உறைந்த பட்டைப் பாறை. கல்லாவியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் போகிறவர் வழிநெடுகப் பார்க்கும் குன்றுகளில் பல, இதன் உறவுக்காரக் கற்கள்தாம்.

சம்மட்டியால் அடித்தால் தெறிக்கிற கல் மடிந்தது எப்படி?

இந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அன்று இது தரைக்குக் கீழே வெகு ஆழத்தில் இருந்தது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், தலைக்கு மேலிருந்த பாறையின் பாரம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 5,000 மடங்குக்கும் மேல். வெப்பம் 700 டிகிரியைத் தொட்டிருக்கும். கல்லில் எளிதில் உருகும் பகுதி மட்டும் உருகி வெளிர்நிற வரிகளாக ஒதுங்கியது. மற்றது திடமாகவே இருந்தது. திடமாக இருந்தபடியே மடிந்தது என்பதுதான் இந்தக் கதையின் வியப்பு.

அழுத்தம் கல்லை இளக்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அப்படியில்லை. விரிசலின் இரு சுவர்களையும் அது நெருக்கிப் பிடிக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்க விடுவதில்லை. ஆழம் கூடக் கூட, பாறை உடைவது கடினமாகிறது. வெப்பம் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. படிகங்களுக்குள் அணுக்கள் இடம்மாறுவதை அது எளிதாக்குகிறது. கல்லிலுள்ள கனிமங்களில் குவார்ட்ஸ் சுமார் 300 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஃபெல்ஸ்பாருக்கு 450, 500 டிகிரி வேண்டும். கொல்லன் உலையில் சிவந்த இரும்பும் உருகுவதில்லை, வளைகிறது. அழுத்தம் உடைய விடவில்லை, வெப்பம் விறைப்பாக இருக்க விடவில்லை. கல்லுக்கு வளைவதைத் தவிர வேறு வழியில்லை.

இதைச் சோதனைச்சாலையில் காட்ட 1901 வரை ஆயிற்று. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஆடம்ஸும் ஜான் நிக்கல்சனும் பளிங்குத் தூண்களை இரும்புக் குழாய்க்குள் இறுக்கி வைத்து இருபுறமும் நெருக்கினார்கள். பளிங்கு நொறுங்காமல் பருத்தது. பிறகு சோதித்தபோது, சூடாக்கி நெருக்கிய தூண், குளிர்ந்த நிலையில் நெருக்கியதைவிட உறுதியாக இருந்தது. பின்பு அமெரிக்காவில் டேவிட் கிரிக்ஸ், பாறை மெல்ல மெல்ல ஊர்வதைப் பற்றி 1939-இல் எழுதினார். 1965-இல் அவரும் சக ஆய்வாளர் பிளாசிக்கும் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது: படிகத்துக்குள் துளி நீர் இருந்தாலே சூட்டில் குவார்ட்ஸ் வெகுவாகப் பலமிழந்துவிடுகிறது.

பாறை ஊர்வது எவ்வளவு மெல்ல? மலைகள் உருவாகும் இடங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் வேகத்தில், ஒரு மீட்டர்க் கல் ஓராண்டில் நீளுவது ஒரு மில்லிமீட்டரின் மூவாயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி கனத்துக்கு நீள இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகும். இரு மடங்காக நீள முப்பது லட்சம் ஆண்டு. பாறைக்கு அந்த நேரம் இருந்தது.

இனி விரிசல். ஆழத்தில் மூடிக்கொண்ட விரிசல் காணாமல் போய்விடுவதில்லை. அதில் நீரும் கரியமில வாயுவும் சிக்கியிருக்கும். சூட்டில் குவார்ட்ஸ் கரைந்து மறுபடி படிந்து பிளவை ஒட்டிவிடும். ஒட்டிய இடம் நெடுக நுண்குமிழ்கள் வரிசையாக நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பழைய விரிசலின் தடம் துல்லியமாகத் தெரியும்.

எல்லைக்கு அந்தப்பக்கம், கர்நாடகத்தின் கப்பாளதுர்கா குவாரியில் விரிசலின் தடத்தை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். சாம்பல்நிறப் பட்டைப் பாறையின் குறுக்கே, விரிசலும் நழுவலும் நடந்த கோடுகளை ஒட்டி, கரும்பச்சைத் திட்டுகள். அவை சார்னோகைட் என்ற பாறை. ஒரு கல் இன்னொரு கல்லாக மாறும்போது பாதியில் நின்றுவிட்ட காட்சி. மைசூரின் சி. எஸ். பிச்சமுத்து 1960-இல் 'நேச்சர்' இதழில் இதை உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோகைட் என்றே அறிமுகப்படுத்தினார். 1979-இல் ஏ. எஸ். ஜனார்தனும் ராபர்ட் நியூட்டனும் சக ஆய்வாளரும், ஆழத்திலிருந்து ஏறிய கரியமில வாயு நீரை விரட்டியதால் வந்த மாற்றம் இது என்று வாதிட்டார்கள். வாயுதான் காரணமா என்பதில் இன்னும் வழக்கு உண்டு. மாற்றம் விரிசல் வழியே நுழைந்தது என்பதைக் குவாரிச் சுவரே சொல்கிறது. என் பார்வையில், பிச்சமுத்துவின் அந்தச் சிறு கட்டுரை தென்னிந்தியப் பாறைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக அழகானது.

வெப்பம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கோலார் தங்கவயல் காட்டியது. கிருஷ்ணகிரி, தருமபுரி, வடாற்காடு பக்கத்துத் தமிழர்கள் தலைமுறைகளாக இறங்கிய சுரங்கம் அது. அதன் சாம்பியன் ரீஃப் பகுதி 3.2 கிலோமீட்டர் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மனிதருக்குத் தாங்காத சூடு, கல்லுக்கு ஒன்றுமேயில்லை. அழுத்தம் இருந்தது, இளக்கம் இல்லை. சுரங்கம் வெட்டிய வெற்றிடத்தை நோக்கிப் பாறை வெடித்துப் பாய்ந்தது. தொழிலாளர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். பல உயிர்கள் போயின. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே பிறந்தது அந்த அனுபவத்தில்தான். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.

நம் கல்லுக்கும் குளிர்காலம் வந்தது. மேலிருந்த பாறை அரித்துப்போக, அது மெல்ல மேலே ஏறியது, விறைத்தது. அதன்பின் வந்த பிளவுகள் நேர்கோடுகள். அவற்றில் எரிகுழம்பு ஏறி உறைந்ததுதான் டாலரைட் சுவர்கள். குவாரிக்காரர்கள் கறுப்பு கிரானைட் என்று வெட்டி எடுப்பது அதைத்தான். கல்லாவிக்குப் பக்கத்துச் சாமல்பட்டியில் ஆழப் பிளவு வழியே வந்தது இன்னும் அபூர்வம்: சுண்ணாம்பைப் போன்ற கார்பனடைட் குழம்பு. பென்ஸ்டோனைட் என்ற அரிய பேரியம் கனிமம் அங்குள்ள ஜோகிப்பட்டியில் கிடைத்ததை 1971-இல் அறிவித்தார்கள்.

சென்னை பரங்கிமலைச் சார்னோகைட்டும் பெங்களூரு லால்பாக் பாறையும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள். கிருஷ்ணகிரிக் கல்லுக்கு அந்த இடம் இல்லை. ஒரு குவாரியின் குத்தகை முடியும்போது, மடிப்பு தெளிவாகத் தெரிகிற ஒரு சுவரையாவது வெட்டாமல், ஜல்லிக்கு உடைக்காமல், வேலியிட்டுக் காக்கலாம். நெளிந்த வரிகளைக் கறுப்புச் சுவர் நேராக அறுத்துப்போகும் இடமாக அது அமைந்தால் மிகவும் நல்லது. ஊத்தங்கரை, கல்லாவிப் பள்ளிப் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி மாலைக்குள் வீடு திரும்புகிற தூரத்தில் அது இருக்க வேண்டும்.