யானை சுமந்த கூடாரம்

போன மாதம் குடும்பத்தோடு ரண்தம்போர் போயிருந்தோம். புலி தரிசனம் தரவில்லை. தங்கியது காட்டோரக் கூடாரத்தில். உள்ளே ஏசி, வெந்நீர்க் குழாய்! "எல்லாம் வெள்ளைக்காரன் மூளை" என்றார் தங்கமணி.

இல்லை மக்களே. இதே ரண்தம்போர் கோட்டையை 1569-ல் பிடித்த அக்பரின் கூடார முகாமுக்கு, அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் கணக்கே எழுதி வைத்திருக்கிறார். சுமக்க 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி. கூடாரம் அடிக்க 1000 ஃபராஷ்கள். தண்ணீருக்கு 100 பேர், பெருக்க 150 பேர். ஔரங்கசீப்புக்கு இரண்டு செட் என்கிறார் பெர்னியர். பாதுஷா ஒன்றில் தூங்கும்போதே மற்றது அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

காலையில் டீ கொண்டுவந்த பெரியவரிடம், "நீங்க எந்தக் கூடாரத்துல தூங்குவீங்க?" என்று ஹிந்தியில் கேட்டாள் மகள். சமையல்கட்டுக்குப் பின்னால் கை காட்டினார். ஒரு தார்ப்பாய்.