குனோங் ராபாட் நத்தையும் கிறிஸ்தவர்களின் படைப்பு வியப்பும்

ஈப்போவின் குனோங் ராபாட் என்றதும் குகைக் கோயில்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சாம் போ தோங், கெக் லோக் தோங் ஆகியவை இந்தச் சுண்ணாம்புக் கல் குன்றில்தான் உள்ளன. 2008ஆம் ஆண்டில் இதே குன்று வேறொரு காரணத்துக்காக உலக அறிவியலாளர்களின் கவனத்தை ஈர்த்தது. காரணம், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு நத்தை.

நான்கு அச்சு நத்தை

ஓபிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம் என்பது அதன் அறிவியல் பெயர். ரூபன் கிளெமென்ட்ஸ், யாப் வெர்முலன் ஆகியோர் அதற்குப் பெயரிட்டு விவரித்தனர். பெரும்பாலான நத்தை ஓடுகள் ஒரே அச்சைச் சுற்றித்தான் சுருளும். இந்த நத்தையின் ஓடோ நான்கு அச்சுகளில் திரும்பித் திரும்பிச் சுருள்கிறது. அந்த ஆண்டில் விவரிக்கப்பட்ட புதிய உயிரினங்களில் சிறந்த பத்தின் அனைத்துலகப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

கிந்தா பள்ளத்தாக்கின் குன்றுகள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பால் ஆனவை. ஓடு கட்டுவதற்கு நத்தைகளுக்குச் சுண்ணாம்பு தேவை. குன்றுக்கும் குன்றுக்கும் இடையே உள்ள மண்ணைக் கடந்து இந்தச் சிற்றுயிர்கள் போவது அரிது. எனவே ஒவ்வொரு குன்றும் கடல் நடுவே நிற்கும் தீவு போன்றது. ஒரு குன்றில் வாழ்வது அடுத்த குன்றில் இல்லாமல் போகலாம். இந்த நத்தை விவரிக்கப்பட்டபோது குனோங் ராபாட்டில் மட்டுமே காணப்பட்டது.

விவிலியம் காட்டும் பார்வை

படைப்பைப் பார்த்துப் படைத்தவரைப் புகழ்வது கிறிஸ்தவ நம்பிக்கையின் பழைய மரபு. கத்தோலிக்கர் திருப்பாடல் என்றும் மற்ற சபையார் சங்கீதம் என்றும் சொல்லும் நூலின் 104ஆம் பாடல் நீரூற்று, பறவை, கடல், சிங்கம் என வரிசையாகப் போற்றுகிறது. பாறைகள் சிறு விலங்குகளுக்குப் புகலிடம் என்றும் அதில் வருகிறது. மனிதனுக்குப் பயன்படாத உயிரும் கடவுளின் கவனத்தில் இருக்கிறது என்பதே அதன் கருத்து.

தரங்கம்பாடி மரபு

தமிழ்க் கிறிஸ்தவத்தில் இந்த வியப்பு அறிவியலோடு கைகோத்தே வளர்ந்தது. 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் போதகர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், சிப்பிகளையும் மீன்களையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். நம் சந்தையில் விற்கும் ஜெனாஹாக் மீனின் அறிவியல் பெயர் லுட்ஜானஸ் ஜானி. அது அவர் பெயரால் வந்தது. அங்கேயே பணியாற்றிய ரோட்லர் தாவரங்களைத் திரட்டினார். தமிழ் அகராதியும் தொகுத்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தமது ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் கோள்களையும் உயிரினங்களையும் பாடுபொருளாக்கினார்.

காக்கும் கடமை

வியப்போடு கடமையும் சேர்ந்தே வருகிறது. ஆதாம் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்கிறது தொடக்கநூல். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல், மனிதரால் உயிரினங்கள் அழிவதைக் கண்டித்தது. புழு பூச்சிகளின் தேவையையும் எடுத்துச் சொன்னது. ஆண்டுதோறும் செப்டம்பர் 1 முதல் அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை பல சபைகள் படைப்பின் காலத்தைக் கடைப்பிடிக்கின்றன.

பேராக்கில் இந்தக் கடமை வெறும் பேச்சல்ல. சிமெண்டுக்கும் பளிங்குக்கும் சுண்ணாம்புக் குன்றுகள் உடைக்கப்படுகின்றன. பகாங்கில் புக்கிட் பஞ்சிங் குன்று முற்றாக உடைக்கப்பட்டபோது, அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு நத்தை இனமும் அழிந்தது. அந்த வேலை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதும் உண்மை. ஆனால் உடைத்த குன்றை மீண்டும் எழுப்ப முடியாது; அதோடு போன உயிரையும் மீட்க முடியாது. எந்தக் குன்றை விட்டுவைப்பது என்று முடிவு செய்யும்போது, கண்ணுக்குத் தெரியாத இந்த நத்தையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.