கொல்லிமலையும் கொய்னாவும்

கொல்லிமலை என்றதும் நமக்கெல்லாம் வல்வில் ஓரிதான் நினைவுக்கு வருவார். அங்கேயே தங்கி வைத்தியம் பார்த்த ஜெஸ்ஸி பிராண்டையும் (டாக்டர் பால் பிராண்டின் தந்தை) நினைக்கணும் நண்பர்களே! 1929-ல் கருநீர்க் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. மலேரியாவில் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகும் நோய் அது. மலேரியாவுக்கான கொய்னாவை விட்டுவிட்டுச் சாப்பிட்டாலும் அது தூண்டப்படலாம். மருந்தே வினையாகும் இடம்!

இதைக் கண்காணிக்க வேண்டியவர் மருந்தாளுநர். 1948-ல் பார்மசி சட்டம் அவரைப் பதிவுபெற்றவராக்கியது. 2008-ல் வந்த ஃபார்ம்.டி. படிப்பு நோயாளியின் கட்டிலருகே அழைத்தது. புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சில சளி மாத்திரைகளே சிறுநீரை அடைத்துவிடும். பாகங்கள் தனித்தனியே சரி, சேர்த்தால் கோளாறு என்பது இன்ஜினீயரான எனக்குப் பழகிய சங்கதி. வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளை மொத்தமாக அவரிடம் ஒருமுறை காட்டிடுங்க!