முகவரியை மறைத்த சட்டகம்

இடப்பக்கத்தில் தலைப்புப் பட்டியல் அசையாமல் நிற்கும். வலப்பக்கம் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். 1990களின் பிற்பகுதியில் இணையத்தளங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். இதைத்தான் பிரேம் என்றார்கள். தமிழில் சட்டகம் என்போம்.

1996இல் வெளியான நெட்ஸ்கேப் நவிகேட்டர் 2.0 உலாவிதான் இதைக் கொண்டுவந்தது. ஒரே திரையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பக்கத்தைக் காட்டலாம். தொலைபேசிக் கம்பி வழியே பக்கங்கள் மெதுவாக வந்து சேர்ந்த காலம் அது. ஒவ்வொரு தடவையும் பட்டியலைத் திரும்ப இறக்கத் தேவையில்லை என்பது பெரிய வசதி.

ஆனால் ஒரு கோளாறும் கூடவே வந்தது. இணையத்தின் அடிப்படை, ஒரு பக்கத்துக்கு ஒரு முகவரி என்பது. சட்டகத்துக்குள் எத்தனை பக்கம் மாறினாலும் மேலே தெரியும் முகவரி மாறாது. பிடித்த பக்கத்தைக் குறித்து வைத்தால் அடுத்த நாள் முன்பக்கமே திறக்கும். நண்பருக்கு அனுப்பினாலும் அதே கதிதான். 1996 டிசம்பரிலேயே ஜேக்கப் நீல்சன் என்ற இணைய வடிவமைப்பு நிபுணர் இதைக் கண்டித்து எழுதினார்.

அடுத்த வருடம் விடயம் நீதிமன்றம் வரை போனது. டோட்டல்நியூஸ் என்ற அமெரிக்கத் தளம், பிறருடைய செய்திப் பக்கங்களைத் தன் சட்டகத்துக்குள் திறந்து, சுற்றிவர தன் விளம்பரங்களைப் போட்டது. மேலே தெரிந்ததும் அதன் முகவரிதான். 1997 பெப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட், சீஎன்என், ரொய்ட்டர்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தன. ஜூன் மாதம் சமரசம் ஏற்பட்டது: இணைப்புக் கொடுக்கலாம், சட்டகத்துக்குள் அடைக்கக் கூடாது. தீர்ப்பு எதுவும் வரவில்லை.

1997 டிசம்பரில் எச்டிஎம்எல் 4.0 தரம் சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. 2014இல் வந்த எச்டிஎம்எல் 5 அதைக் கைவிட்டது. அதன் தம்பியான ஐபிரேம் மட்டும் இன்றும் இருக்கிறது. வேறு தளங்களுக்குள் யூடியூப் காணொளி ஓடுவது அதனால்தான்.

தொழினுட்பம் போனாலும் பழக்கம் போகவில்லை. இன்று நாம் ஒருவர் எழுதியதைப் பிரதி செய்து, பெயரை வெட்டிவிட்டுக் குழுக்களில் போடுகிறோம். அதுவும் முகவரி இல்லாத சட்டகம்தான். செய்தி பிழையென்றால் யாரிடம் கேட்பது? சரியென்றால் யாருக்கு நன்றி சொல்வது? பகிரும்போது மூலத்தையும் சேர்த்தே பகிர்வோம். நம் பிள்ளைகளுக்கும் இதையே பழக்குவோம்.