மீனின் கண் கூறும் விடை

பேசாத மீன் எதனைக் காண்கின்றது என நாம் அறிவது எங்ஙனம்? நிறமாலையில், நிறக்குருடர்க்கு மிக ஒளிர்வாகத் தோன்றுமிடத்திலேயே மீன்களும் திரள்கின்றன. ஆதலால் அவை நிறமறியா என்று யேர்மனியக் கண்மருத்துவர் காள் வொன் ஹெஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சாதித்தார். இளைஞரான காள் வொன் பிறிஷ், இரையை நிறத்தோடு சேர்த்து மீன்களைப் பழக்கி அதனை மறுத்தார். ஆயின் பழக்குதற்கு நாட்கள் பல வேண்டும்.

பிற்காலத்தார் கண்ணசைவையே சான்றாகக் கொண்டனர். வரிகளுடைய உருளை சுழல, அசையாது நிறுத்தப்பட்ட மீன்குஞ்சின் கண்கள் வரிகளைத் தொடர்ந்து, பின் சட்டென மீளும். காணாத கண் தொடராது. இம்முறையால், வெண்ணொளியில் தொடர்ந்து செவ்வொளியில் தொடராத வரிக்குதிரைமீன் வகையொன்றைப் புறொக்கர்ஹொவ் குழுவினர் 1997இல் அறிவித்தனர். செவ்வொளியை உணரும் கூம்புக்கலங்களை அது இழந்திருந்தது.

வினவும் முறை திருந்தவே விடையும் திருந்திற்று. மாணாக்கரை வினவும் ஆசிரியரும் இதனை மறத்தலாகாது.