வன்தட்டுப் பழுதறிதல் – வரலாறு

கடைகளில் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு முற்றிலும் செயலிழப்பதற்கு முன் காட்டும் அறிகுறிகளைக் கண்டறிவதே வன்தட்டுப் பழுதறிதல் ஆகும்.

தோற்றம்

1956 செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்னும் கணினியுடன் முதல் வன்தட்டை அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளை அது சேமித்தது. தரவைப் படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய காற்றடுக்கு மட்டுமே உண்டு. முனை உரசினால் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டு அங்குள்ள தரவு அழிந்துவிடும். 1973-இல் வந்த வின்செஸ்டர் வகையில் தட்டுகளும் முனைகளும் தூசி புகாத ஒரே உறைக்குள் அமைந்தன. பின்வந்த வன்தட்டுகளும் இவ்வழியையே பின்பற்றின. பழுது குறைந்தாலும், திறந்து பார்க்கும் வழி அடைபட்டது. திரும்பத் திரும்பக் கேட்கும் ‘டிக் டிக்’ ஒலி, கோப்பு திறப்பதில் தாமதம் ஆகியவற்றைக் கொண்டே பயனர்கள் பழுதை ஊகித்தனர்.

ஸ்மார்ட் முறை

1992-இல் ஐபிஎம், வன்தட்டு தன் நிலையைத் தானே அளந்து எச்சரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1995-இல் காம்பேக் நிறுவனம் வன்தட்டு உற்பத்தியாளர்களுடன் சேர்ந்து இத்தகைய முறையொன்றை உருவாக்கியது. இவற்றிலிருந்து ‘ஸ்மார்ட்’ என்னும் பொது முறை பிறந்தது.

இதில் மாணவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை மூன்று. 5-ஆம் எண், பழுதான பகுதிகளுக்கு ஈடாக மாற்றிடம் தரப்பட்டவற்றின் எண்ணிக்கை. 197-ஆம் எண், படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். இவை கூடிக்கொண்டே போனால் தட்டு நலிகிறது எனலாம். 199-ஆம் எண் மட்டும் கூடினால், பெரும்பாலும் குற்றம் தட்டில் இல்லை. இணைப்புக் கம்பியில் உள்ளது.

2007 ஆய்வு

கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய தட்டு அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு அதிகம். எனினும், செயலிழந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை முதன்மையான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டவில்லை. அதாவது, எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வரவில்லை என்பதால் அச்சமின்றி இருக்க முடியாது.

கோட்டையூர் தரும் பாடம்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கு நூல்கள் நுண்படச் சுருள்களில் படியெடுக்கப்பட்டன.

ராமபாணப் பூச்சி அரித்த தாளில் சேதம் கண்ணுக்குத் தெரியும். எஞ்சிய பக்கங்களையாவது படிக்கலாம். வன்தட்டில் முனை ஒன்று பழுதானாலே முழுத் தொகுப்பும் எட்டாமல் போகலாம். ஆகவே, ஐயம் தோன்றியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை சோதனை அன்று, படியெடுத்தல். நீண்ட சோதனைகள் நலிந்த தட்டை மேலும் வருத்தும். ஏட்டுச்சுவடிக் காலம் முதல் தமிழ் நூல்கள் பிழைத்து வந்ததும் படியெடுத்ததால்தான்.