இறுதிக்கால இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்

"சாமி, பெரியாஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல இல்லம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?" மன்னார்புரத்திலும் அதன் சுற்றுப் பகுதிகளிலும் பங்குப் பணியாற்றும் நம்மிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் மகள், அல்லது மருமகள். புத்தூர் அரசு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகப் பல மாதங்கள் அலைந்து, அடையாறு வரை ஒருமுறை போய்வந்து, கையிலிருந்த பணமும் உடலிலிருந்த வலுவும் தீர்ந்துபோன நேரத்தில்தான் இதைக் கேட்கிறார்கள். அப்போது பங்குத்தந்தை ஒரு பெயரைச் சொன்னால் அதை அப்படியே நம்பிப் போய்விடுவார்கள். எனவே, எந்த இல்லமானாலும் அதை எப்படிப் பார்ப்பது, என்ன கேட்பது என்று சொல்லித் தருவதே நல்லது என்று கருதி இதை எழுதுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் மாநிலத்தில் 'ஹாஸ்பிஸ்' என்றும் 'கருணை இல்லம்' என்றும் பலகை மாட்டிய இடங்கள் பலவிதமானவை. சில முதியோர் இல்லங்கள். சில தெருவில் கிடப்பவர்களை எடுத்துப் பராமரிக்கும் ஆதரவற்றோர் இல்லங்கள். மிகச் சில மட்டுமே உண்மையான பொருளில் இறுதிக்கால நோயாளர் இல்லங்கள். ஹாஸ்பிஸ் என்ற சொல்லுக்கு இன்றைய பொருளைத் தந்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியராகவும், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், பின்னர் மருத்துவராகவும் பயின்ற அவர், 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். சாகும் மனிதரின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பத்தைப் பற்றிய கவலையிலும், ஆன்மாவிலும் இருக்கிறது, இவை யாவும் சேர்ந்ததே 'முழு வலி' என்பது அவருடைய போதனை. இந்தியாவில் அந்த வழியில் முதலில் எழுந்தது, 1986இல் மும்பை பாந்த்ராவில் தொடங்கப்பட்ட சாந்தி அவேத்னா சதன். சென்னையில் மணலியை அடுத்த மாத்தூரில் புற்றுநோயாளருக்கென இயங்கும் ஜீவோதயாவும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இந்த வேறுபாடு சொல் பற்றிய விவாதம் மட்டும் அல்ல. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த புனித யோசேப்பு கருணை இல்லத்தின் செய்தி தமிழகம் முழுவதும் பரவியது நினைவிருக்கலாம். காய்கறி மூட்டைகளுடன் ஓர் இறந்த உடலையும் முதியவர்களையும் ஏற்றி வந்த வாகனத்தைப் பொதுமக்கள் வழியில் நிறுத்தினார்கள். அதிகாரிகள் இல்லத்தைச் சோதனையிட்டார்கள். அங்கிருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். இல்லத்தை நடத்தியவர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். அந்த நாள்களில் நாம் வாசித்ததில் பெரும்பகுதி, உடல்களைச் சுவர்ப் பெட்டகங்களில் அடக்கம் செய்யும் முறையையும் எலும்புகளையும் பற்றியதே. அங்கே படுத்திருந்தவர்களுக்கு வலி மருந்து கிடைத்ததா, இரவில் எத்தனை செவிலியர்கள் இருந்தார்கள், பயிற்சி பெற்ற மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தார் என்று கேட்ட குரல் நம் காதில் விழவில்லை. பெயர் ஹாஸ்பிஸ் என்றிருக்க, ஹாஸ்பிஸைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளை எவரும் கேட்காமல் இருந்தது நமக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. ஏனெனில் அங்கே ஆள்களை அனுப்பிவைத்தவர்களும் நம்மைப் போன்றவர்களே.

அப்படியானால் முதல் கேள்வி எது? நம்மவர்கள் வழக்கமாகப் பார்ப்பவை: சிற்றாலயம் இருக்கிறதா, தரை பளிச்சென்று இருக்கிறதா, அருள்சகோதரிகள் நடத்துகிறார்களா, பணம் கேட்பார்களா. இவை எல்லாம் நல்லவையே. ஆயினும் முதலில் கேட்க வேண்டியது, "உங்களிடம் வாய்வழி மார்ஃபின் இருக்கிறதா?" என்பதே. பரிவு இருந்தும் மருந்து இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் திருச்சபை தன் சொந்த வீட்டிலேயே கேட்க நேர்ந்திருக்கிறது. புனித அன்னை தெரேசா 1952இல் கொல்கத்தா காளிகாட்டில் தொடங்கிய நிர்மல் ஹிருதயில் 1994இல் 'தி லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் சென்று பார்த்தார். அங்கிருந்த அன்பையும் தூய்மையையும் அவர் குறை சொல்லவில்லை. ஆனால், கடும் வலிக்கு ஏற்ற மருந்து அங்கே இல்லை என்றும், ஹாஸ்பிஸ் இயக்கத்தின் முறை வேறு என்றும் எழுதினார். அந்த இல்லம் நடைபாதையில் நாதியின்றி இறந்தவர்களுக்காகப் பிறந்தது. அந்த நோக்கத்தில் அது செய்த பணி பெரிது. என்றாலும் விமர்சனம் நியாயமானதே என்று நாம் கருதுகிறோம். கையைப் பிடித்துக்கொண்டு செபிப்பது வலி மருந்துக்கு மாற்று ஆகாது. வலி அடங்கிய பிறகுதான் நோயாளரால் செபிக்கவே முடிகிறது. நோயிற்பூசுதல் கொடுக்கச் செல்லும் எந்தக் குருவும் இதை அறிவார்.

மார்ஃபின் என்றாலே நம் மக்களுக்கு அச்சம். "போதைக்கு அடிமையாகிவிடுவார்", "அது கொடுத்தால் கதை முடிந்தது" என்பார்கள். கடும் வலிக்கு மருத்துவர் அளந்து, குறைந்த அளவில் தொடங்கி, வலிக்கேற்பப் படிப்படியாக உயர்த்தினால் அது பாதுகாப்பான மருந்து. சாதாரண மாத்திரையின் பலன் ஏறக்குறைய 4 மணி நேரம். ஆகவே வலி வந்தபின் கெஞ்சிக் கேட்டு வாங்குவதற்குப் பதிலாக, வலி திரும்புமுன்பே நேரப்படி கொடுக்க வேண்டும். அதனால் மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும்; எனவே கூடவே மலமிளக்கியும் எழுதித் தர வேண்டும். இந்த இரண்டையும் ஓர் இல்லத்தின் செவிலியர் நாம் கேட்காமலே சொன்னால், அவர் பயிற்சி பெற்றவர் என்று கொள்ளலாம். விசுவாச அடிப்படையில் தயங்குவோருக்கு ஒரு செய்தி: நோக்கம் வலியைப் போக்குவதே எனில், வேறு வழி இல்லாதபோது, ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும் வலி மருந்து தரலாம் எனத் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1957இலேயே மருத்துவர்களிடம் தெளிவுபடுத்தினார். வலியைக் காணிக்கையாக ஒப்புக்கொடுப்பது நோயாளர் விரும்பி எடுக்கும் முடிவு. மருந்து வாங்கி வைக்காத நிர்வாகம் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

மருந்து கிடைப்பதில் முன்பு உண்மையிலேயே தடைகள் இருந்தன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அத்தனை உரிமங்களைக் கேட்டதால் மருத்துவமனைகளே மார்ஃபினைக் கைவிட்டன. கேரளத்தின் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றோரின் நீண்ட போராட்டத்திற்குப் பின் 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற தகுதியைப் பெற்றால் போதும். ஆகவே "அரசு அனுமதிப்பதில்லை" என்று ஒரு நிர்வாகி இன்றும் சொன்னால், அவர் விண்ணப்பித்தாரா என்று பணிவோடு கேட்கலாம்.

இந்திய ஆதரவு சிகிச்சைத் துறையினர் 2014இல் தங்களுக்கென ஒரு குறைந்தபட்ச தர அளவுகோலை வெளியிட்டார்கள். கட்டாயமானவை, விரும்பத்தக்கவை என்று அது இரண்டாகப் பிரிகிறது. வலியை அளந்து பதிவு செய்வது, மருந்து இடைவிடாது கிடைப்பது, பயிற்சி பெற்ற மருத்துவரும் செவிலியரும் இருப்பது, குடும்பத்தின் மனநிலையையும் சேர்த்துப் பார்ப்பது போன்றவை அதன் மையம். பணியாளர்கள் சோர்ந்துபோகாமல் இருக்க ஏற்பாடு உண்டா என்றும் அது கேட்கிறது. இது நமக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரு குடும்பம் அந்தப் படிவத்தை எடுத்துப்போய்ச் சோதிக்கத் தேவையில்லை. படுக்கையருகே உள்ள நோட்டை மட்டும் பார்க்கக் கேளுங்கள். வலி 10க்கு எத்தனை என்று நேற்று யாராவது எழுதியிருக்கிறார்களா? மருந்து கொடுத்த பின் குறைந்ததா என்று மறுபடி எழுதியிருக்கிறார்களா? வெறும் காய்ச்சலும் இரத்த அழுத்தமும் மட்டும் எழுதப்பட்டிருந்தால், அங்கே வலியை யாரும் கேட்பதில்லை என்று பொருள்.

பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு எல்லா இல்லங்களும் அழகாகவே இருக்கும். மாலை ஏழு மணிக்குமேல் செல்லுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை செவிலியர் என்று அப்போது எண்ணுங்கள். மூக்கைப் பயன்படுத்துங்கள்: புற்றுப்புண்ணின் நாற்றத்தை மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவியே பெருமளவு குறைக்கலாம், செலவு மிகக் குறைவு. ஆகவே தாங்க முடியாத நாற்றம் வீசும் அறையில் கவனிப்பு இல்லை என்று அறியலாம். நோயாளரின் வாயைப் பாருங்கள். உதடு வெடித்து, நாக்கு வெள்ளை படிந்து கிடந்தால் வாயைத் துடைத்துவிட ஆள் இல்லை. நகர முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா என்பதற்கு அவரது இடுப்பும் குதிகாலுமே சாட்சி. இவற்றையெல்லாம் சொல்லும்போது கண்டிப்பாகப் பேசுவதாகத் தோன்றலாம். ஆனால் படுத்திருப்பவர் புகார் செய்யும் நிலையில் இல்லை.

பணம் வாங்குவதாலோ வாங்காததாலோ தரம் தெரிந்துவிடாது. எவ்வளவு, எதற்கு என்பது எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இலவச இல்லங்களில் வேறொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பிறந்தநாள், நினைவுநாள் என்று விருந்து கொடுக்க வருவோருக்காக, படுக்கையில் கிடப்பவர்களையும் எழுப்பி உட்கார வைத்துப் படம் எடுக்கும் வழக்கம் நம் ஊர்ப் பக்கம் பெருகிவிட்டது. கொடுப்பவர்களின் மனம் நல்லதுதான். ஆனால் நாளை உங்கள் அப்பாவும் அந்தப் படத்தில் இருப்பார். அவருடைய சம்மதம் கேட்கப்படுமா?

நோயாளரிடம் உண்மையைச் சொல்வது அடுத்த சிக்கல். "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று குடும்பம் கேட்கும். அவரோ எல்லாம் அறிந்தவராய், குடும்பத்துக்காகத் தெரியாதவர்போல் படுத்திருப்பார். நல்ல இல்லம் குடும்பத்தின் பேச்சைக் கேட்டு பொய் சொல்லவும் செய்யாது, கதவைத் திறந்ததும் போட்டு உடைக்கவும் செய்யாது. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரிடமே மெல்லக் கேட்டு, அந்த அளவுக்குச் சொல்லும். உயில், மகளின் திருமணம், பேசாமல் விட்டுப்போன தம்பி என்று முடிக்க வேண்டியவை பல இருக்கும். செயற்கை உயிர்காப்புச் சாதனம் வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது; 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. அப்படி எழுதிவைத்திருந்தால் இல்லம் அதை மதிக்குமா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது.

கத்தோலிக்கர் நடத்தும் இல்லங்களைத் தேடி நம் திருச்சியில் எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். திருவரங்கத்துப் பாட்டியின் வாயில் பேத்தி துளசித் தீர்த்தம் விட விரும்பினால் அதற்கு இடமும் தனிமையும் கிடைக்க வேண்டும். இஸ்லாமியச் சகோதரரின் காதில் கலிமா ஓத உறவினர் வந்தால் பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. சுயநினைவு இல்லாதவருக்குச் சத்தமின்றித் திருமுழுக்குக் கொடுப்பதை ஒரு புண்ணியமாக நினைப்பவர் இருந்தால், அது தவறு என்று நாமே சொல்லியாக வேண்டும்.

சேர்த்த பிறகு என்ன செய்வது? நல்ல சமாரியர் காயப்பட்டவரைச் சாவடியில் விட்டு, காவலரிடம் பணம் கொடுத்ததை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். திரும்பி வருவேன் என்று அவர் சொன்னதை மறந்துவிடுகிறோம். திரும்பி வருபவர் இருக்கிறார் என்று தெரிந்த இடத்தில் பராமரிப்பும் நன்றாக இருக்கும். இரவில் உறவினர் தங்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் காரணம் கேளுங்கள். அமெரிக்காவில் ஹாஸ்பிஸின் தரத்தை அறிய அரசு கையாளும் வழிகளுள் ஒன்று, இறப்பு நிகழ்ந்து சில மாதங்களுக்குப் பின் குடும்பத்தாரிடம் வினாப்பட்டியல் அனுப்புவது. அழைத்தபோது வந்தார்களா, வலிக்கு உதவி கிடைத்ததா, மதிப்போடு நடத்தினார்களா என்று அதில் கேட்கிறார்கள். நாமும் இதைச் செய்யலாம். அங்கே தாயையோ கணவரையோ இழந்த ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்து, கடைசி இரவு எப்படி இருந்தது என்று கேட்டால், பத்து விளம்பரத் தாள்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். இறந்தபின் இல்லம் மருத்துவச் சான்றை உடனே தந்ததா, 21 நாள்களுக்குள் இறப்புப் பதிவாக ஏற்பாடு செய்ததா, உடலை முறையாக ஒப்படைத்ததா என்பதையும் அவர்களிடமே கேட்கலாம்.

இவ்வளவும் கேட்ட பிறகு, "நோயாளர் வீட்டில் இருந்தால் நீங்கள் வந்து பார்ப்பீர்களா?" என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சாவின் தரத்தை நாடுவாரியாக ஒப்பிட்ட ஆய்வில் 2010இல் இந்தியா 40 நாடுகளில் கடைசியாகவும், 2015இல் 80 நாடுகளில் 67ஆவதாகவும் வந்தது. அதே இந்தியாவில் கேரளம் மட்டும் முன்மாதிரியாகப் பேசப்படுவதற்குக் காரணம் அங்குள்ள கட்டடங்கள் அல்ல. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கி, பின்னர் ஊர் ஊராகத் தன்னார்வலர்களும் செவிலியர்களும் வீடு தேடிச் சென்றதே காரணம். பெரும்பாலானோர் சாக விரும்புவது தம் வீட்டில்தான். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சை சேர்க்கப்பட்டுள்ளது. எனவே இல்லம் தேடிப் புறப்படுமுன் உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளரின் பெயரைப் பதிந்து, செவிலியர் எந்தக் கிழமை வருவார், மார்ஃபின் தேவைப்பட்டால் எங்கே பெற வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.